கடுக்காயும் கிருமியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுதற்குத் தக்க அறிஞர் நம்மிடையே பலர் உளர். நானோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரெயில்வே அலுவலகத்தில் ஏடும் கணக்கும் எழுதிப் பிழைப்பவன். ஆயினும், நம் வீடுகளில் புழங்கும் நாட்டு மருந்து ஒன்றைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது என்பதை எளிய முறையில் எடுத்துரைக்குமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அதற்கெனக் கிடைத்த நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் சில மாதங்களாகப் படித்து, எனக்கு விளங்கியவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் கடுக்காய். "கடுக்காய் கொடுத்துவிட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான் என்று நம் ஊர்களில் பொருள். இவன் நமக்குக் கடுக்காய் கொடுக்கவா மேடையேறினான் என்று நீங்கள் ஐயுற வேண்டா. நான் சொல்லப் போவது மெய்யான கடுக்காயைப் பற்றியே.

கடுக்காயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறியிருக்கும் இந்த ஜபல்பூர், கடுக்காய்க்குப் பேர் போன ஊர் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திராது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், ஐரோப்பாவின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு இந்தியாவிலிருந்து கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. அந்தச் சந்தையில் கடுக்காயின் தரங்களுக்கு ஊர்ப் பெயரையே இட்டிருந்தனர். விசாகப்பட்டினத்தை அடுத்த பீமுனிப்பட்டினத்தின் பெயரால் ஒரு தரம். நம் ஜபல்பூரின் பெயரால் மற்றொரு தரம். மண்டலாவையும் திண்டோரியையும் சூழ்ந்த காடுகளில் கோண்டு, பைகா மக்கள் இன்றும் இக்காயைப் பொறுக்கி உலர்த்தி விற்கின்றனர். அவர்கள் 'ஹர்ரா' என்பதும், இவ்வூர்க் கடைக்காரர் 'ஹரட்' என்பதும், வடமொழியார் 'ஹரீதகி' என்பதும் நம் கடுக்காயே. கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் வளரும் அதே மரந்தான் இங்கும் வளர்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இங்கே முன்னமே ஓர் உறவினர் இருந்திருக்கிறார் என்று மகிழலாம்!

தாவர நூலார் இம்மரத்தை 'டெர்மினேலியா செபுலா' என்று குறிப்பர். 1788-ஆம் ஆண்டில் ரெட்சியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இட்ட பெயர் இது. 'செபுலா' என்பது காபூல் நகரின் பெயரிலிருந்து வந்தது. மேலை நாட்டார் அக்காலத்தில் இக்காயைக் காபூல் வணிகத்தோடு தொடர்புபடுத்தி அறிந்திருந்தனர். விளைந்த காய் உலர்ந்தால் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மேலே ஐந்து விளிம்புகள் எழுந்து நிற்கும். உள்ளே கெட்டியான கொட்டை. மருந்துக்கு ஆவது கொட்டையைச் சூழ்ந்த சதையே. கொட்டையை நீக்கியே பயன்படுத்த வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, இக்காயின் உள்ளே இருப்பது யாது என்று பார்ப்போம்.

கடுக்காய்த் துண்டு ஒன்றை வாயிலிட்டு மென்றால் நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிறது. அதையே துவர்ப்பு என்கிறோம். இந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களுக்கு விஞ்ஞானிகள் 'டானின்' என்று பொதுப் பெயர் இட்டுள்ளனர். உலர்ந்த கடுக்காய்ச் சதையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின்களே என்பது வியப்புக்குரியது. காய்க்குக் காய், காட்டுக்குக் காடு, பறிக்கும் பருவத்துக்கேற்ப இவ்வளவு மாறும்.

இந்த டானின்களுள் தலையாயவை செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், காரிலாஜின் முதலியன. இவற்றோடு காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், செபுலிக் அமிலம் ஆகிய சிறு பொருள்களும் உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டா. நடுவே ஒரு குளுகோஸ், அதாவது ஒரு சர்க்கரைக் கூறு, இருப்பதாகக் கொள்ளுங்கள். அதைச் சுற்றிலும் காலிக் அமிலமும் அதன் உறவுப் பொருள்களும், என்ஜினைச் சுற்றிப் பெட்டிகளை இணைத்தாற்போல, பிணைக்கப்பட்டிருக்கின்றன. காலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு எடை 170 என்றால், செபுலினிக் அமிலத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 957. ஆகவே முன்னது தனிப் பெட்டி. பின்னது தொடர் வண்டி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிதும் உதவும்.

டானின்களுக்கு இரண்டு குணங்கள் முக்கியமானவை. அவ்விரண்டையும் நம் முன்னோர், மூலக்கூறு என்ற சொல்லே பிறவாத காலத்தில், கைத்தொழிலில் கண்டு பயன்படுத்தினர்.

முதற் குணம், புரதத்தைப் பற்றிக் கொள்ளுதல். பச்சைத் தோல் அழுகுவதேன்? அதிலுள்ள புரதத்தைக் கிருமிகள் தின்பதால். அத்தோலைக் கடுக்காய் நீரில் ஊற வைத்தால் டானின் புரதத்தோடு இறுகப் பிணைகிறது. பிறகு கிருமி அதனை எளிதில் தின்ன இயலாது. தோல் பல்லாண்டு நிலைக்கிறது. குரோமிய உப்பினால் பதனிடும் முறை பரவிய பின் கடுக்காயின் செல்வாக்குக் குறைந்தது; எனினும் இன்றும் முற்றிலும் மறையவில்லை.

இரண்டாம் குணம், இரும்பைப் பற்றிக் கொள்ளுதல். கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி உப்பை இட்டால் கரிய மை உண்டாகிறது. அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பே. காளத்தியில் கலம்காரித் துணியில் வரையும் கைவினைஞர், முதலில் துணியைக் கடுக்காய் நீரும் எருமைப் பாலும் கலந்து தோய்த்து, அதன்மேல் இரும்பு கலந்த நீரால் கோடிழுத்துக் கறுப்பு நிறம் பெறுகின்றனர். எழுதுவதையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் கடுக்காயை வணங்கக் கடமைப்பட்டவர் அன்றோ?

இவ்விரண்டு குணங்களே கிருமியிடமும் வேலை செய்கின்றன. கிருமியின் மேலுறையில் புரதம் உண்டு. அது இரையைச் செரிக்கச் சுரக்கும் நொதிகளும் புரதமே. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டால் கிருமியின் செயல் முடங்குகிறது. மேலும், பெரும்பாலான கிருமிகள் வளர்வதற்கு இரும்பு வேண்டும். சுற்றிலுமுள்ள இரும்பை டானின் பற்றிக்கொண்டால் கிருமி பட்டினி கிடக்கிறது. தோலையும் மையையும் ஆக்கிய அதே குணங்கள் மருந்தாகவும் ஆகின்றன என்பதே இக்காயின் இரகசியம்.

இதனை ஆராய்ச்சிக்கூடத்தில் எவ்வாறு சோதிக்கின்றனர்? கடற்பாசியிலிருந்து எடுத்த கூழைத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் கிருமியைப் பரப்புவர். கூழில் சிறு குழி தோண்டி அதில் கடுக்காய்ச் சாற்றை இடுவர். மறுநாள் பார்த்தால் தட்டு முழுதும் கிருமி வெண்மையாகப் படர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் இருக்கும். அவ்வளவு தொலைவுக்குக் கிருமி வளரவில்லை என்பது பொருள். இத்தகைய சோதனைகள் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல நடந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஒரு முரட்டு வகை உண்டு. 1997-இல் ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர் கடுக்காயிலிருந்து காலிக் அமிலத்தையும் அதன் எதில் எஸ்டரையும் பிரித்தெடுத்து, அவை அந்த முரட்டு வகையின் வளர்ச்சியையும் தடுப்பதைக் கண்டனர். 

வேளை கெட்ட வேளையில் உண்டு, இரவுப் பணி பார்க்கும் நம் ரெயில்வேக்காரர் பலருக்கு வயிற்றுப் புண் உண்டு. அதற்குப் பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்களாகிய வாரனும் மார்ஷலும் கண்டறிந்து 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஈரான் நாட்டு ஆராய்ச்சியாளர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கடுக்காய்ச் சாறு லிட்டருக்கு 125 மில்லிகிராம் அளவில் அக்கிருமியின் வளர்ச்சியைத் தட்டில் தடுத்தது.

பற்சொத்தைக்குக் காரணமான கிருமியைப் பற்றிப் பம்பாய் ஆராய்ச்சியாளர் 1999-இல் எழுதினர். நூற்றுக்குப் பத்துப் பங்கு கடுக்காய்ச் சாறு கலந்த நீரால் வாய் கொப்பளித்தவர்களின் எச்சிலில், சிறிது நேரத்திற்குக் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது. 2011-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறாரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆராய்ச்சியில், கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த திரிபலா நீர், பல் மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் நீருக்கு ஏறக்குறைய இணையாகப் பல்லழுக்கைக் குறைத்ததாகக் கண்டனர். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-இல் எலிகளின் தோற்புண்ணில் கடுக்காய்ச் சாற்றை இட்டு, புண் விரைந்து ஆறுவதைக் கண்டனர். தோல் பதனிடும் நிலையத்திலேயே தோற்புண்ணுக்கும் ஆராய்ச்சி நடந்தது மிகப் பொருத்தம்.

இவற்றைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்கிறது. நம் முன்னோர் அறிவை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். அது தக்கதே. ஆனால் அன்பர்களே, நான் இம்மேடைக்கு வந்தது அப்பெருமையை மட்டும் பேசுதற்கன்று. இதற்கு மேல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அது உயிரைப் பற்றியது.

தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் வாழும் என் மாமனார் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலில் நகம் பெயர்ந்து சிறு புண் உண்டாயிற்று. வலி இல்லை. சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குன்றுவதால் வலி தெரியாது, அதுவே ஆபத்து. அவரோ, கடுக்காய் நீரால் கழுவினால் ஆறும் என்று உறுதியாக நம்பி, இருபது நாள் கழுவினார். மேலே புண் துவண்டு உலர்ந்தது போலத் தோன்றிற்று. உள்ளே சீழ் எலும்பு வரை சென்றுவிட்டது. செய்தி எங்களுக்கு எட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, கால் பிழைத்தது. ஒரு விரல் போயிற்று. 

கடுக்காய் கிருமியைத் தடுக்கும் என்பது பொய்யா? பொய்யன்று. பின் ஏன் அது அவரைக் காக்கவில்லை? இதற்கு விடை அறிந்துகொள்ளுதலே இன்றைய என் உரையின் நோக்கம்.

முதலாவது, தட்டு வேறு, உடல் வேறு. தட்டில் சாறும் கிருமியும் நேருக்கு நேர் நிற்கின்றன. உடலிலோ கிருமி சதைக்குள்ளும் குருதிக்குள்ளும் மறைந்திருக்கிறது. முன்னே சொன்ன தொடர் வண்டியை நினைவுகூருங்கள். டானின் பெரிய மூலக்கூறு. குடித்தால் குடலைக் கடந்து முழு உருவில் குருதியில் சேர்வது மிகச் சொற்பம். பெரும்பகுதி குடலில் வாழும் நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு வேறு பொருளாக மாறிவிடுகிறது. புண்ணின் மேல் ஊற்றினாலோ, மேலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. புண்ணின் மேற்பரப்பு துவண்டு உலர்வதும் இதனாலேயே. உள்ளிருக்கும் பகைவனை அது தொடுவதில்லை.

இரண்டாவது, அளவு. பென்சிலினுக்கு அடங்கும் ஸ்டாபிலோகாக்கஸை அடக்க, ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பென்சிலின் போதும். கடுக்காய்ச் சாறோ, பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிகிராமோ அதற்கு மேலோ வேண்டியிருக்கிறது. அவ்வளவைக் குருதியில் சேர்க்க வழியில்லை. தட்டில் தெளிந்த வளையம் காட்டுவது மட்டும் மருந்தாகாது. வினிகரும் தேயிலைக் கஷாயமுங்கூடத் தட்டில் கிருமியைத் தடுக்கும்.

மூன்றாவது, ஒரே தரம் என்பது இல்லை. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. கடையில் வாங்கும் கடுக்காயிலோ, எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில் பறித்தது, எவ்வாறு உலர்த்தியது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்பதைப் பொறுத்துச் சத்து மாறும். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த காயால் தீங்கும் உண்டு.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். கடுக்காய் வாசற்காவலன். வாயிலும் தோலின் மேலும் நின்று கிருமியை விரட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனைப் பிடிக்க அதனை அனுப்புதல் தகாது. வாய் கொப்பளிக்கவும், பல் துலக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் காய்ச்சலோடு கூடிய புண், சர்க்கரை நோயாளியின் காற்புண், குழந்தையின் இரத்தபேதி, நாட்பட்ட இருமல் ஆகிய இவற்றுக்கு ஒரு நாளும் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். வயிற்றுப் புண்ணுக்கும் அவ்வாறே. பைலோரிக் கிருமியை ஒழிக்க மருத்துவர் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் பத்துப் பதினான்கு நாள் தருகிறார். கடுக்காய் அதற்கு மாற்று என்று மனிதரிடம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமற்போனால் நான் நடுநிலை தவறியவனாவேன். நாட்டு மருந்தை எள்ளி நகையாடிவிட்டு, ஒரு தும்மலுக்கும் மருந்துக் கடைக்கு ஓடி, மருத்துவர் சீட்டு இல்லாமலே கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி, இரண்டு நாள் தின்று, காய்ச்சல் தணிந்ததும் மிச்சத்தை அலமாரியில் வைக்கும் வழக்கம் நம் குடியிருப்பில் இல்லையென்று யார் சொல்ல முடியும்? சளிக்கும் தும்மலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதன்மேல் இம்மாத்திரை செல்லாது. வீணே தின்னும்போது உடலிலுள்ள பிற கிருமிகள் அம்மருந்துக்குப் பழகி முரடாகின்றன. பின்னர் மெய்யாகவே தேவைப்படும் நாளில் மருந்து கைவிட்டுவிடும். இந்த அபாயத்தை முன்னிட்டே 2013-இல் மத்திய அரசு, முக்கியமான பல கிருமிக்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று தனிப் பட்டியலிட்டு, விற்பனைக்குத் தனிப் பதிவேடும் வைக்கச் சொல்லிற்று. கடைக்காரரின் ஏட்டைவிட நம் மனச்சான்றே இதில் பெரிய ஏடு.

கடுக்காய் போன்ற பொருள்களை விஞ்ஞானிகள் இன்று மீண்டும் நாடுவதற்கும் இதுவே காரணம். பழைய மருந்துகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் காலத்தில், புதிய மருந்துக்கு வித்து எங்கேனும் கிடைக்குமா என்று தேடுகின்றனர். மண்டலாக் காட்டிலிருந்து வரும் ஒரு காயிலிருந்து நாளை அத்தகைய மருந்து தோன்றக் கூடும். ஆனால் தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதர்க்கும், ஒருவரிலிருந்து ஆயிரவர்க்கும் சோதனை படிப்படியாக ஏற வேண்டும். ஒரு நிலையத்தையும் தவிர்த்து விரைவு வண்டி செல்லலாம், மருந்து செல்லலாகாது.

தாய்மார்களுக்கு இரண்டு செய்திகள். கருவுற்ற பெண்களும், மிக மெலிந்து சோர்ந்தவர்களும் கடுக்காய் உண்ணலாகாது என்று பழைய வைத்திய நூல்களே விலக்கியிருக்கின்றன. கடுக்காய்ப் பிஞ்சு பேதியாக்கும் என்பதையும் அறிவீர்கள்; சிறு குழந்தைகளுக்குத் தாமாகவே கொடுத்தல் நன்றன்று. இரண்டாவது, இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை உண்பவர், அதே வேளையில் கடுக்காய்ப் பொடியையோ திரிபலாவையோ உண்ண வேண்டா. கடுக்காய் இரும்பைப் பற்றிக்கொள்ளும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? வயிற்றுக்குள் மை உண்டாக்கி மாத்திரையை வீணாக்குவானேன்? இரண்டுக்குமிடையே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். உணவோடு பருகும் தேநீருக்கும் இதே விதி பொருந்தும்.

மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் என்னென்ன கஷாயம், சூரணம் உண்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சினப்பார் என்று அஞ்சி மறைப்பவர் பலர். சினந்தாலும் கேட்டுக்கொள்வோம்; நோய் தீர்வதே முக்கியம்.

என் மாமனார் இன்றும் காலையில் கடுக்காய்ப் பொடி கலந்த பற்பொடியால்தான் பல் துலக்குகிறார். எழுபதைக் கடந்தும் பற்கள் உறுதியாக உள்ளன. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. ஆனால் நாள்தோறும் மாலையில் என் மாமியார் அவர் பாதங்களை விளக்கொளியில் திருப்பிப் பார்க்கிறார். சிறு கீறல் இருந்தாலும் மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பழைய மருந்துக்கு அதன் இடமும் புதிய மருத்துவத்துக்கு அதன் இடமும் அவ்வீட்டில் இன்று வரையறுக்கப்பட்டுவிட்டன. நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும், ஒரு விரலையேனும் இழக்கும் முன்னமே, அவ்வரையறை ஏற்பட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

நம் குழந்தைகளுக்கும் ஒரு சொல். விஞ்ஞானம் பயிலும் மாணவர்களே, இவ்வூர்க் காட்டிலும் நம் நாட்டு மலையிலும் விளையும் பொருள்களின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் அறிந்துகொள்ளுங்கள். அவற்றின் உள்ளீட்டை இரசாயனத்தில் அறிந்துகொள்ளுங்கள். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் வேண்டா. முன்னோர் சொன்னார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டா. சோதித்துப் பாருங்கள். நாங்கள் ஏட்டில் எழுதிய கணக்கைவிட, நீங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதும் கணக்கு நாட்டுக்கு மிகுதியாகப் பயன்படும்.